கப்பலுக்குக் கோடு போட்ட எம்.பி.!



சென்னைத் துறைமுகத்திலோ, தூத்துக்குடித் துறைமுகத்திலோ நிற்கும் சரக்குக் கப்பலைப் பார்த்திருக்கிறீர்களா? நேரில் பார்க்காவிட்டாலும் படத்திலாவது பார்த்திருப்பீர்கள். அடுத்த முறை பார்க்கும்போது பெயரையும் கொடியையும் மட்டும் பார்த்துவிட்டுத் திரும்பிவிடாதீர்கள். கப்பலின் பக்கவாட்டில், சரியாக நடுப்பகுதியில், ஒரு வட்டம் வரைந்திருக்கும். வட்டத்தின் குறுக்கே ஒரு கோடு. பக்கத்திலேயே ஏணிப்படிகளைப் போலச் சின்னச் சின்னக் கோடுகள்.

இது அழகுக்காகப் போட்ட கோலம் இல்லை. 'இதற்கு மேல் சுமை ஏற்றாதே' என்று கப்பலுக்குப் போட்டிருக்கும் எல்லைக்கோடு. இதற்குப் 'பிளிம்சால் கோடு' என்று பெயர்.

சாமுவேல் பிளிம்சால் என்பவர் மாலுமி இல்லை. கப்பல் கட்டும் இன்ஜினியரும் இல்லை. அவர் இங்கிலாந்தில் ஒரு நிலக்கரி வியாபாரி, பிறகு எம்.பி. ஆனவர். பார்லிமென்ட்டில் பேசிப் பேசியே இந்தக் கோட்டை அவர் கொண்டுவந்தார். பேசியது மட்டுமா? ஒரு நாள் சபையில் கத்தினார், முஷ்டியை உயர்த்தினார், வெளியே போகச் சொல்லும்படியும் ஆனது. அந்தக் கதையைத்தான் இந்த வாரம் பார்க்கப் போகிறோம்.

பரிசலும் கப்பலும்

ஒகேனக்கல்லில் பரிசலில் போனவர்களுக்கு இது எளிதில் புரியும். ஒவ்வொருவராக ஏற ஏற, பரிசல் தண்ணீருக்குள் இறங்கிக்கொண்டே போகும். பரிசலின் விளிம்புக்கும் தண்ணீருக்கும் உள்ள இடைவெளி குறையும். ஓரளவு வந்ததும் பரிசல்காரர், "போதும், மத்தவங்க அடுத்த பரிசல்ல வாங்க" என்று சொல்லிவிடுவார். அந்த இடைவெளி இல்லாமல் போனால், ஒரு சின்ன அலை அடித்தாலும் தண்ணீர் உள்ளே வந்துவிடும் அல்லவா?

கப்பலுக்கும் இதே கணக்குதான். ஆனால் ஒரு வித்தியாசம் உண்டு. பரிசல்காரர் நம்மோடு அதே பரிசலில் வருகிறார். கப்பல் முதலாளி கப்பலில் வருவதில்லை. அவர் கரையில், தன் வீட்டில், கணப்பு அடுப்பின் பக்கத்தில் உட்கார்ந்திருப்பார்.

சுமார் 150 ஆண்டுகளுக்கு முன்பு, உலகத்திலேயே அதிகமான வணிகக் கப்பல்களை வைத்திருந்த நாடு பிரிட்டன். நிலக்கரி, இரும்பு, மரம், தானியம் என்று கப்பல் கப்பலாகச் சரக்கு போய்வரும். எவ்வளவு அதிகம் ஏற்றுகிறார்களோ அவ்வளவு லாபம். எனவே சில முதலாளிகள் தளம் தண்ணீரைத் தொடும் அளவுக்குச் சரக்கை அடைத்தார்கள். உளுத்துப்போன பழைய கப்பல்களைக்கூடப் பெயின்ட் அடித்துக் கடலுக்கு அனுப்பினார்கள்.

'கப்பல் மூழ்கினால் முதலாளிக்கும் நஷ்டம்தானே? அவர் ஏன் அப்படிச் செய்யப் போகிறார்?' என்று கேட்பீர்கள். நல்ல கேள்வி. அங்கேதான் இன்சூரன்ஸ் என்ற விஷயம் வருகிறது. ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஒரு பழைய கப்பலின் உண்மையான மதிப்பு ஒரு லட்சம் ரூபாய் என்று வைத்துக்கொள்ளுங்கள். அதை முதலாளி ஒன்றரை லட்சத்துக்கு இன்சூர் செய்துவிட்டார். கப்பல் ஒழுங்காகத் திரும்பி வந்தால் சரக்குக் கூலி கிடைக்கும். மூழ்கிவிட்டால் ஒன்றரை லட்சம் கிடைக்கும்! நஷ்டம் யாருக்கு? கப்பலில் போன மாலுமிகளுக்கும், கரையில் காத்திருக்கும் அவர்களுடைய மனைவி மக்களுக்கும்தான். எல்லா முதலாளிகளும் இப்படி இருக்கவில்லை. நல்லவர்களும் பலர் இருந்தார்கள். ஆனால் கெட்ட முதலாளியைத் தடுக்க வலுவான சட்டம் இல்லை.

மாலுமிகள் இந்தக் கப்பல்களுக்கு வைத்த பெயர் என்ன தெரியுமா? 'சவப்பெட்டிக் கப்பல்கள்.'

அப்படியானால் அதில் ஏறாமல் இருந்துவிடலாமே என்றால், அதற்கும் வழி இல்லை. வேலைக்கு வருகிறேன் என்று ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டபின், கப்பலைப் பார்த்துப் பயந்து ஏற மறுத்தால் அது குற்றம். போலீஸ் பிடித்துக்கொண்டு போகும். மாஜிஸ்திரேட் பல வாரங்கள் சிறைத் தண்டனை கொடுப்பார். கடலில் மூழ்குவதைவிடச் சிறையே மேல் என்று போனவர்களும் இருந்தார்கள்.

நிலக்கரி வியாபாரி

பிளிம்சால் 1824ஆம் ஆண்டு பிப்ரவரி 10ஆம் தேதி பிரிஸ்டல் நகரத்தில் பிறந்தார். பிரிஸ்டல் ஒரு துறைமுக ஊர். ஆனால் அவர் சிறுவனாக இருந்தபோதே குடும்பம் வேறு ஊர்களுக்குப் போய்விட்டது. ஷெஃபீல்டு நகரத்தில் குமாஸ்தா வேலை பார்த்துப் படிப்படியாக முன்னேறினார். பிறகு லண்டனுக்கு வந்து நிலக்கரி வியாபாரம் தொடங்கினார். வியாபாரம் படுத்துவிட்டது. 1855இல் திவாலானார்.

அந்தக் காலத்தில் ஏழைத் தொழிலாளிகள் தங்கும் மலிவான விடுதி ஒன்றில் அவரும் தங்கினார். வாரத்துக்கு எட்டு ஷில்லிங்கூடச் செலவு செய்ய முடியாத நிலை. ஆனால் அந்த ஏழைகள் தங்களிடம் இருந்த கொஞ்சத்தையும் ஒருவருக்கொருவர் பங்கிட்டுக்கொண்டதை அவர் பக்கத்திலிருந்து பார்த்தார். பின்னாளில் அவர் எழுதிய புத்தகத்தில் இந்த மனிதர்களைப் பற்றி உருகி உருகி எழுதியிருக்கிறார். மறுபடியும் வியாபாரம் செய்து பணக்காரர் ஆனபோதும் அவர்களை அவர் மறக்கவில்லை.

1868இல் டெர்பி தொகுதியிலிருந்து லிபரல் கட்சியின் எம்.பி.யாகத் தேர்ந்தெடுக்கப்பட்டார். டெர்பி எங்கே இருக்கிறது என்று அட்லஸில் பாருங்கள். கடலுக்கும் அந்த ஊருக்கும் வெகு தூரம்! அவருக்கு ஓட்டுப் போட்டவர்களில் மாலுமிகள் எத்தனை பேர் இருந்திருக்க முடியும்? ஓட்டுக்காக அவர் இதைப் பேசவில்லை என்பதற்கு வேறு சாட்சி வேண்டாம்.

கப்பலுக்குக் கோடு போடவேண்டும் என்ற யோசனை முதலில் அவருக்குத் தோன்றியது இல்லை. ஜேம்ஸ் ஹால் என்ற கப்பல் முதலாளி அவருக்கு முன்பே இதைப் பற்றிப் பேசியும் எழுதியும் வந்தார். ஆமாம், ஒரு கப்பல் முதலாளியேதான்! இன்று அவர் பெயர் பலருக்கும் தெரியாது. யோசனை ஹாலுடையது, அதைப் பார்லிமென்ட்டுக்குக் கொண்டுபோய் விடாமல் பிடித்துக்கொண்டவர் பிளிம்சால்.

மூன்று ஓட்டில் தோல்வி

எம்.பி. ஒருவர் பேசினால் உடனே சட்டம் வந்துவிடுமா? வராது. மசோதா கொண்டுவர வேண்டும். விவாதம் நடக்க வேண்டும். ஓட்டெடுப்பில் ஜெயிக்க வேண்டும். இன்னொரு சபையிலும் நிறைவேற வேண்டும். அதுவும் மந்திரியாக இல்லாத ஒரு சாதாரண உறுப்பினர் கொண்டுவரும் மசோதா என்றால் நேரம் கிடைப்பதே கஷ்டம். நம் நாட்டிலும் தனிநபர் மசோதாக்களின் கதை அதுதான்.

பிளிம்சால் 1870இல் இந்தப் பிரச்னையைச் சபையில் கிளப்பினார். 1871இல் ஒரு மசோதா கொண்டுவந்தார். அது நகரவில்லை. சபையில் கப்பல் முதலாளிகளே பல பேர் உறுப்பினர்களாக உட்கார்ந்திருந்தார்கள். அவர்கள் சொன்ன வாதங்களையும் நாம் கேட்க வேண்டும். "பிரிட்டிஷ் கப்பல்களுக்கு மட்டும் கட்டுப்பாடு வைத்தால் வெளிநாட்டுக் கப்பல்கள் நம் வியாபாரத்தைத் தட்டிப் பறித்துவிடும்" என்றார்கள். "கப்பலுக்குக் கப்பல் அமைப்பு வேறு, சரக்கு வேறு, கடல் வேறு. எல்லாவற்றுக்கும் ஒரே கோடு எப்படிப் பொருந்தும்?" என்றார்கள். இரண்டாவது வாதத்தில் நியாயம் இருக்கத்தான் செய்தது. அதற்கு எப்படி வழி கண்டுபிடித்தார்கள் என்பதைப் பின்னால் சொல்கிறேன்.

சபையில் பேசியது போதவில்லை என்று தெரிந்ததும், 1873இல் 'நமது மாலுமிகள்' என்ற பொருள்படும் பெயரில் புத்தகம் எழுதி வெளியிட்டார். மாலுமிகளின் விதவைகளைத் தேடிப்போய்ப் பார்த்து எழுதிய புத்தகம் அது. நாடே படித்தது. எதிர்ப்பும் கிளம்பியது. அவசரத்தில் சில இடங்களில் சரியாக விசாரிக்காமல் எழுதிவிட்டார் என்று குற்றம் சாட்டினார்கள், கோர்ட்டுக்கும் இழுத்தார்கள். ஆனால் அரசாங்கம் சும்மா இருக்க முடியவில்லை. விசாரணைக் கமிஷன் ஒன்றை அமைத்தது.

1874இல் பிளிம்சாலின் மசோதா ஓட்டெடுப்புக்கு வந்தது. ஆதரவு 170. எதிர்ப்பு 173. மூன்றே மூன்று ஓட்டு! அன்று யாராவது இரண்டு பேர் மனம் மாறியிருந்தால் போதும்.

1875 ஜூலை 22

நாடு முழுவதும் பேச்சாகிவிட்டதால், 1875இல் அரசாங்கமே கப்பல் மசோதா ஒன்றைக் கொண்டுவந்தது. அப்போது பிரதமர் பெஞ்சமின் டிஸ்ரேலி. பிளிம்சாலுக்கு அந்த மசோதா திருப்தி இல்லை. ஆனாலும் ஏதோ ஒன்று வருகிறதே என்று காத்திருந்தார்.

ஜூலை 22, வியாழக்கிழமை. கூட்டத்தொடர் முடியும் நேரம். டிஸ்ரேலி எழுந்து, இந்த ஆண்டு கப்பல் மசோதாவுக்கு நேரம் இல்லை, விவசாய நிலங்கள் பற்றிய மசோதாவை முடிக்க வேண்டியிருக்கிறது என்று அறிவித்தார். அதாவது, கப்பல் மசோதா அடுத்த ஆண்டுக்குத் தள்ளிப் போகிறது.

கேட்பவர்களுக்கு அது சாதாரண அறிவிப்பு. ஆனால் பிளிம்சாலுக்கு என்ன தோன்றியிருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். குளிர்காலம் வரப்போகிறது. வட அட்லான்டிக் கடலில் புயல் வீசும் காலம். அடுத்த ஆண்டு சட்டம் வருவதற்குள் எத்தனை சவப்பெட்டிக் கப்பல்கள் புறப்பட்டுப் போகும்?

அவர் எழுந்தார். மசோதாவைக் கைவிட வேண்டாம், ஆயிரக்கணக்கான உயிர்களைச் சாவுக்கு அனுப்ப வேண்டாம் என்று பிரதமரைக் கெஞ்சினார். பேசப் பேசக் கெஞ்சல் கோபமாக மாறியது. முந்தைய ஆண்டு 87 உயிர்களோடு கடலில் போன மூன்று கப்பல்களின் பெயர்களைச் சொன்னார். டெத்திஸ், மெல்போர்ன், நோரா கிரீம். அவற்றின் சொந்தக்காரர் எட்வர்டு பேட்ஸ் இந்தச் சபையின் உறுப்பினர்தானா என்று கேள்வி எழுப்பப் போவதாக அறிவித்தார். மாலுமிகளைச் சாவுக்கு அனுப்பும் வில்லன்களின் முகமூடியைக் கிழிக்கப் போகிறேன் என்றார்.

சபை அதிர்ந்தது. சக உறுப்பினரை அப்படிச் சொல்லலாமா? சபாநாயகர் குறுக்கிட்டார். அந்த வார்த்தையைத் திரும்பப் பெறச் சொன்னார். பிளிம்சால் மறுத்தார். மறுபடியும் சொன்னார். மறுபடியும் மறுத்தார். இருக்கையைவிட்டுச் சபையின் நடுவே வந்து, அரசாங்கத்தின் பக்கம் பார்த்து முஷ்டியை ஆட்டினார். கடைசியில் சபாநாயகரின் கட்டளைப்படி வெளியேறினார். போகும்போது, எழுதிக் கொண்டுவந்திருந்த கண்டன அறிக்கை ஒன்றையும் கொடுத்துவிட்டே போனார். ஆக, எல்லாம் ஆத்திரத்தில் நடந்தது என்று சொல்லிவிட முடியாது!

அவரைக் கண்டிக்க வேண்டும் என்று டிஸ்ரேலி தீர்மானம் கொண்டுவந்தார். நண்பர்களோ, அவர் மனமும் உடலும் களைத்திருக்கிறார், ஒரு வாரம் அவகாசம் கொடுங்கள் என்று கேட்டார்கள். சபை சம்மதித்தது.

வகுப்பறையில் இருவர் ஒரே நேரத்தில் கத்தினால் யார் சொல்வதும் காதில் விழாது. அதனால்தான் சபைக்கு விதிகளும் சபாநாயகரும் இருக்கிறார்கள். பேட்ஸ் தரப்பைக் கேட்காமலே அவரை வில்லன் என்று சொன்னது சரி என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் ஐந்து ஆண்டுகள் விதிப்படி பேசிப் பார்த்தவர் அவர். அதையும் சேர்த்துத்தான் எடை போட வேண்டும். நீங்கள் என்ன நினைக்கிறீர்கள் என்று வீட்டில் பெரியவர்களோடு பேசிப் பாருங்கள்.

அந்த ஒரு வாரத்தில் நாடு கொதித்தது. ஊர் ஊராகக் கூட்டங்கள் நடந்தன. பத்திரிகைகள் எழுதித் தள்ளின. ஜூலை 29ஆம் தேதி பிளிம்சால் சபைக்குத் திரும்பினார். சபை மரபை மீறியதற்கு மன்னிப்புக் கேட்டார். பேசிய கடுமையான சொற்களைத் திரும்பப் பெற்றார். ஆனால் சொன்ன தகவல்கள் எதையும் திரும்பப் பெற மாட்டேன் என்பதில் உறுதியாக இருந்தார். சபையும் அதை ஏற்றுக்கொண்டது.

'நேரம் இல்லை' என்று சொன்ன அரசாங்கத்துக்கு இப்போது நேரம் கிடைத்துவிட்டது! ஆகஸ்ட் மாதத்திலேயே அவசரமாக ஒரு தற்காலிகச் சட்டம் நிறைவேறியது. அதில் ஒரு பிரிவு எனக்கு மிகவும் பிடித்தது. கப்பலில் உள்ள மாலுமிகளில் கால்வாசிப் பேர் 'இந்தக் கப்பல் பத்திரமானது இல்லை' என்று புகார் கொடுத்தால், அதிகாரிகள் அதைப் பரிசோதிக்க வேண்டும். ஏற மறுத்தால் சிறை என்று இருந்த நாட்டில் இது எவ்வளவு பெரிய மாற்றம்!

புகைபோக்கியில் ஒரு கோடு

1876இல் நிரந்தரச் சட்டம் வந்தது. கப்பலில் சுமைக்கோடு போடுவது கட்டாயமானது. பிளிம்சால் ஜெயித்துவிட்டார் என்று கைதட்டப் போகிறீர்களா? கொஞ்சம் பொறுங்கள்.

சட்டத்தில் ஒரு பெரிய ஓட்டை இருந்தது. கோடு போட வேண்டும் என்று சொன்னது. எந்த இடத்தில் போட வேண்டும் என்று சொல்லவில்லை. அதை முதலாளியே முடிவு செய்துகொள்ளலாம்! திருடனையே சாவியை வைத்துக்கொள்ளச் சொன்ன மாதிரிதான். இந்தச் சட்டத்தைக் கேலி செய்ய ஒரு கேப்டன், கப்பலின் புகைபோக்கியிலேயே கோட்டை வரைந்து வைத்ததாக ஒரு கதை உண்டு. அந்தக் கோடு தண்ணீரைத் தொட வேண்டுமென்றால் கப்பலே மூழ்கியிருக்க வேண்டும்!

கோட்டை எங்கே போடுவது என்பதையும் சட்டமே முடிவு செய்தது 1890இல்தான். கப்பலின் நீளம், ஆழம், அமைப்பு எல்லாவற்றையும் கணக்கிட்டு அட்டவணைகள் தயாரித்தார்கள். 'எல்லாவற்றுக்கும் ஒரே கோடு பொருந்தாது' என்ற அந்தப் பழைய வாதத்துக்கும் இப்படித்தான் விடை கிடைத்தது: ஒவ்வொரு கப்பலுக்கும் தனித்தனியாகக் கணக்குப் போட்டார்கள்.

1890இல் பிளிம்சால் எம்.பி. இல்லை. 1880இலேயே, தேர்தலில் தோற்றுப்போன ஹார்கோர்ட் என்ற மந்திரிக்காகத் தன் டெர்பி தொகுதியை விட்டுக்கொடுத்துவிட்டார். மந்திரி கையில் அதிகாரம் இருக்கும், அவர் மாலுமிகளுக்கு அதிகம் செய்வார் என்று நம்பினார். ஆனாலும் அவர் சும்மா இருக்கவில்லை. மாலுமிகள் சங்கத்துக்குத் தலைவராக இருந்தார். கப்பல்களில் கால்நடைகளை அடைத்துக் கொண்டுபோகும் கொடுமையைப் பற்றியும் எழுதினார். 1898 ஜூன் 3ஆம் தேதி காலமானார்.

1906இல் பிரிட்டிஷ் துறைமுகங்களுக்கு வரும் வெளிநாட்டுக் கப்பல்களுக்கும் இந்தச் சட்டம் பொருந்தும் என்று ஆனது. 1930இல் பல நாடுகள் லண்டனில் கூடி, சுமைக்கோட்டுக்கு உலக ஒப்பந்தம் செய்துகொண்டன. இன்று நடைமுறையில் இருப்பது 1966இல் ஏற்பட்ட ஒப்பந்தம். லண்டனில் தேம்ஸ் நதிக்கரையில் பிளிம்சாலுக்கு ஒரு மார்பளவுச் சிலை இருக்கிறது. 1929இல் அதை வைத்தது மாலுமிகள் சங்கம்.

இன்னொரு வேடிக்கை. பி.டி. வகுப்புக்குப் போட்டுக்கொண்டு போகும் கேன்வாஸ் ஷூவுக்கு இங்கிலாந்தில் 'பிளிம்சால்' என்று பெயர். துணியும் ரப்பரும் சேரும் இடத்தில் சுற்றிலும் ஒரு கோடு ஓடுகிறதே, அதற்கு மேல் தண்ணீர் ஏறினால் கால் நனைந்துவிடும் என்பதால் அந்தப் பெயராம்!

கோடுகளைப் படிப்போம்

இனி அந்தக் கோடுகளைப் பார்ப்போம். வட்டத்தின் வெளி அளவு 300 மில்லிமீட்டர். உங்கள் ஒரு அடி ஸ்கேலைவிடக் கொஞ்சம் சிறியது. குறுக்கே போகும் கோட்டின் நீளம் 450 மில்லிமீட்டர். வட்டத்தின் இரண்டு பக்கமும் இரண்டு ஆங்கில எழுத்துகள் இருக்கும். கோட்டின் இடத்தைக் கணக்கிட்டுக் கொடுத்த அமைப்பின் அடையாளம் அவை. இந்திய அமைப்பு கணக்கிட்டது என்றால் 'ஐ', 'ஆர்' என்று இருக்கும்.

பக்கத்தில் உள்ள ஏணிக்கோடுகளில் 'எஸ்' என்றால் கோடைக்காலம். 'டபிள்யூ' என்றால் குளிர்காலம். அலை அதிகம் என்பதால் இந்தக் கோடு கீழே இருக்கும், சுமையைக் குறைக்க வேண்டும். வட அட்லான்டிக் குளிர்காலத்துக்கு இன்னும் கீழே ஒரு கோடு உண்டு. சிறிய கப்பல்களுக்கு மட்டும். 'டி' என்றால் வெப்ப மண்டலக் கடல். கொஞ்சம் கூடுதலாக ஏற்றலாம். நம் வங்காள விரிகுடாவில் டிசம்பர் முதல் தேதியிலிருந்து ஏப்ரல் 30 வரை 'டி' கோடு. மே முதல் நவம்பர் வரை 'எஸ்' கோடுதான். நமக்குப் புயல் வரும் மாதங்களை நினைத்துப் பார்த்தால் காரணம் புரியும்.

எல்லாவற்றுக்கும் மேலே 'எஃப்', 'டி எஃப்' என்று இரண்டு கோடுகள். இவை நன்னீருக்கானவை. கொல்கத்தா போல ஆற்றங்கரையில் இருக்கும் துறைமுகத்தில் கப்பல் கொஞ்சம் அதிகமாக அமிழும். அதே கப்பல், அதே சுமையோடு கடலுக்கு வந்ததும் தானாக மேலே எழும்பிவிடும்.

நம்ப முடியவில்லையா? இரண்டு டம்ளரில் தண்ணீர் எடுங்கள். ஒன்றில் மட்டும் நாலைந்து ஸ்பூன் உப்புப் போட்டு நன்றாகக் கரையுங்கள். இரண்டிலும் ஒரு பச்சை முட்டையை மெதுவாக விடுங்கள். நல்ல தண்ணீரில் முட்டை அடியில் போய் உட்கார்ந்துகொள்ளும். உப்புத் தண்ணீரில் மிதக்கும். மிதக்கும் முட்டையின் மேல் தண்ணீர் எந்த இடம் வரை தொடுகிறதோ, அங்கே பென்சிலால் ஒரு கோடு போடுங்கள். பிறகு உப்புத் தண்ணீரில் நல்ல தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றி, அந்தக் கோடு என்ன ஆகிறது என்று பாருங்கள். முட்டையை அம்மாவிடம் கேட்டு எடுத்துக்கொள்ளுங்கள்!